வாஷிங் மெஷினை விட்டு நகராத குழந்தை: எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயங்கள்

ஃப்ரன்ட் லோடு மெஷினை ஆன் செய்ததும், எந்த அறையில் இருந்தாலும் தவழ்ந்து வந்து கண்ணாடிக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்து, கடைசி பீப் சத்தம் வரை நகராத குழந்தை உங்கள் வீட்டில் இருந்தால் இதைப் பொறுமையாகப் படியுங்கள். என் மகளுக்கு இது தவழும் வயதிலேயே ஆரம்பித்துவிட்டது. பெங்களூர் லிங்கராஜபுரத்தில் வாடகை வீடு. கணவர் வேலை முடித்து வர இரவு பத்தாகும். கூட இருந்து சொல்ல ஒரு பெரியவர் கிடையாது. ஊரிலிருந்து போனில் வந்த யோசனையெல்லாம் "சுத்துறதையே பார்த்தா பிள்ளைக்குச் சித்தம் கலங்கிடும், மந்திரிச்சுக் கயிறு கட்டு" என்கிற ரகம். பக்கத்து வீட்டிலிருந்து வந்தது வேறு ஒரு வார்த்தை: ஆட்டிசம். இரண்டுக்கும் நடுவே தனியாக நின்று பயந்தேன், ராத்திரியெல்லாம் அழுதேன், பிறகு கோபப்பட்டேன். ஒரு தெரபி சென்டருக்கு முன்பணமாகக் கட்டிய 36,000 ரூபாய் திரும்பி வரவே இல்லை. மெஷின் ரிப்பேர் என்று ஏறக்குறைய 8,000 போனது. இதில் பெரும்பகுதி போகாமலே இருந்திருக்கும், அப்போது யாராவது உட்கார வைத்து நாலு விஷயம் சொல்லியிருந்தால். அந்த நாலு விஷயம்தான் இது.

முதலில், குழந்தை அங்கே எதைப் பார்க்கிறது என்பது. வீட்டில் இருக்கிற பொருள்களில் குழந்தையின் கண் மட்டத்தில் ஜன்னல் வைத்தது ஃப்ரன்ட் லோடு மெஷின் ஒன்றுதான். தவழும் குழந்தை உட்கார்ந்தால் கண்ணாடிக்கு நேராக முகம் வருகிறது. உள்ளே டிரம் நிமிஷத்துக்கு 45 முதல் 55 சுற்று. குழந்தையின் கண் சிரமமில்லாமல் பின்தொடரக்கூடிய வேகம் அது. டிரம்மின் உள்பக்கம் துடுப்பு மாதிரி மேடுகள், பெரும்பாலும் மூன்று, இருக்கும். அவை துணியைத் தூக்கிக்கொண்டு மேலே போகும், உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் துணி நழுவிப் பொத்தென்று விழும். பத்துப் பன்னிரண்டு விநாடி ஒரு பக்கம், சில விநாடி நிறுத்தம், பிறகு மறுபக்கம். மெஷினுக்கு மெஷின் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும், ஆனால் ஒரே மெஷினில் மாறாது. அதனால் குழந்தை அடுத்தது என்ன என்று ஊகிக்கத் தொடங்குகிறது, ஊகம் சரியாகிறது. சிவப்புத் துண்டு மறைகிறது, மறுபடி வருகிறது. கண்ணுக்குத் தெரியாதபோதும் அது உள்ளே இருக்கிறது என்று புரிகிற பருவம் அது. உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தால் அதிர்வு, தரையில் உட்கார்ந்த இடத்திலும் அதிர்வு. பார்வை, சத்தம், தொடுகை மூன்றும் ஒரே தாளத்தில் வருவதால்தான் அந்த வயதுக் குழந்தைக்கு அது அவ்வளவு பிடிக்கிறது. ஃபேன், கிரைண்டர், வண்டிச் சக்கரம், மூடியைச் சுழற்றிவிடுவது எல்லாம் இதே ஆசையின் வேறு வடிவங்கள். குழந்தைக் கல்வி பற்றிப் பேசுகிறவர்கள் சுழற்சியைத் திரும்பத் திரும்ப ஆராயும் விளையாட்டை ஒரு தனி வகையாகவே சொல்கிறார்கள். பூட்டுவது திறப்பது, தூக்கிப் போடுவது, ஒன்றை ஒன்றுக்குள் ஒளிப்பது மாதிரிதான் இதுவும்.

ஆட்டிசம் பயம் பற்றி நேராகவே சொல்கிறேன், ஏனென்றால் என்னை வாட்டியது அதுதான். சுழலும் பொருளை நீண்ட நேரம் பார்ப்பது ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சொல்லப்படுவது உண்மை. ஆனால் அது ஒன்றை மட்டும் வைத்து எந்த டாக்டரும் முடிவுக்கு வர மாட்டார். கவனிக்க வேண்டியது குழந்தைக்கும் மெஷினுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதை விட, குழந்தைக்கும் உங்களுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதை. மெஷின் ஸ்பின்னுக்குப் போகும்போது திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கிறதா? "அங்க பாரு" என்பது போல விரல் நீட்டுகிறதா? வேறு அறையிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பெரும்பாலும் திரும்புகிறதா? நீங்கள் வாயால் "டுர்ர்" என்று சத்தம் போட்டால் திருப்பிப் போடுகிறதா? மெஷின் நின்றால் அழலாம், அது பரவாயில்லை. தூக்கி வைத்தால் கொஞ்ச நேரத்தில் ஆறுகிறதா என்பதுதான் கேள்வி. இவையெல்லாம் இருந்தும் மெஷினைப் பிடிக்கிறது என்றால், பெரும்பாலும் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். இவை இல்லையென்றாலோ, வந்த சொற்கள் ஒன்றிரண்டு மறைந்து போனாலோ தள்ளிப் போடாதீர்கள், உடனே காட்டுங்கள்.

16 மாதத்திலிருந்து 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு, ஆட்டிசத்தின் அறிகுறி இருக்கிறதா என்று பார்க்க, எம்-சாட்-ஆர் என்று ஒரு கேள்விப் பட்டியல் உண்டு. 20 கேள்விகள், ஆம், இல்லை என்றுதான் பதில். மதிப்பெண் 2 வரை என்றால் பயம் குறைவு. 3 முதல் 7 என்றால் கூடுதல் கேள்விகள் கேட்டு உறுதி செய்வார்கள். 8 அல்லது அதற்கு மேல் என்றால் நேராக விரிவான பரிசோதனை. இது சலித்துப் பார்க்கும் கருவி மட்டுமே, நோய் இன்னதென்று சொல்வது இல்லை. பெங்களூரில் நிம்ஹான்ஸில் குழந்தைகள் மனநலப் பிரிவு இருக்கிறது, இந்திரா காந்தி குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. முதலில் உங்கள் வழக்கமான குழந்தை டாக்டரிடம் கேட்டு, வளர்ச்சியைப் பார்க்கிற டாக்டரிடம் போங்கள். எங்களுக்கு நேர்ந்தது இதற்குத் தலைகீழ். ஒரு தனியார் சென்டரில் குழந்தையை ஒரு சிறிய அறையில் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எழுத்தில் ஒரு ரிப்போர்ட்டும் தராமல், "மூணு மாசப் பேக்கேஜ், இப்பவே ஆரம்பிச்சாத்தான் பலன்" என்றார்கள். பயத்தில் இருக்கிற தாய்க்கு அந்த வார்த்தை போதும். மெஷினைக் கண்ணில் காட்டாதே, ராத்திரி போடு என்றும் சொன்னார்கள். மெஷின் இருந்த பாத்ரூமின் மூடிய கதவைப் பிள்ளை தட்டித் தட்டி அழுததை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது. பிறகு முறையான பரிசோதனை நடந்தபோது கவலைப்பட எதுவும் இல்லை என்றார்கள். முன்பணத்தைக் கேட்டால் ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். ஆகவே, எழுத்தில் ரிப்போர்ட் இல்லாமல், என்ன குறை, எந்தப் பரிசோதனையில் எவ்வளவு என்று தெரியாமல், மொத்தப் பணம் முன்னால் கட்டாதீர்கள். தேவைப்பட்டால் ஒவ்வொரு முறைக்கும் தனியாகக் கட்டுகிறேன் என்று சொல்லுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பரிசோதனையில் ஆட்டிசம் என்றே வந்தாலும் அந்த மெஷின் மோகம் ஒழித்துக்கட்ட வேண்டிய ஒன்று இல்லை. குழந்தைக்கு எதில் ஆசையோ அதன் வழியாகத்தான் பேச்சும் பழக்கமும் எளிதாக வரும்.

இனி உயிர் சம்பந்தப்பட்ட பகுதி. தில்லியில் 2017-இல் மூன்று வயது இரட்டைக் குழந்தைகள் தண்ணீர் நிரம்பிய டாப் லோடு மெஷினுக்குள் விழுந்து இறந்த செய்தி பலருக்கு நினைவிருக்கும். மோகம் உள்ள குழந்தை மெஷினைப் பார்ப்பதோடு நிற்காது, உள்ளே போகப் பார்க்கும். "சைல்டு லாக் போட்டிருக்கேன்" என்று நிம்மதியாக இருக்காதீர்கள். பல மெஷின்களில் அந்த லாக் பட்டன்களை மட்டும்தான் செயலிழக்க வைக்கும். மெஷின் ஓடாத நேரத்தில் கதவு தாராளமாகத் திறக்கும். உங்கள் மெஷினில் அது எதைப் பூட்டுகிறது என்று இன்றைக்கே லாக் போட்டுவிட்டுக் கதவை இழுத்துப் பாருங்கள். ஒரு சின்னக் குழந்தை டிரம்முக்குள் வசதியாக உட்கார்ந்துகொள்ள முடியும். அண்ணனோ அக்காவோ விளையாட்டாகக் கதவைச் சாத்தினால் உள்ளேயிருந்து திறக்கும் என்று நம்பக் கூடாது, காற்றும் அதிகம் போகாது.

இதில் ஒரு சிக்கல் வரும். ஃப்ரன்ட் லோடு கதவைத் துவைத்து முடித்ததும் சாத்திவிட்டால் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமான காஸ்கெட்டில் பூஞ்சை பிடித்து நாறும், அதனால் திறந்து வை என்பார்கள். குழந்தை இருக்கும் வீட்டில் திறந்து வைத்தால் ஆபத்து. நாங்கள் கண்ட வழி: அலமாரிக் கதவுகளுக்கு ஒட்டுகிற குழந்தைப் பாதுகாப்புப் பட்டை கிடைக்கும். அதைக் கதவுக்கும் மெஷினின் உடம்புக்கும் நடுவே ஒட்டி, இரண்டு விரல் இடைவெளி மட்டும் விடும்படி நீளத்தைச் சரி செய்துகொள்ளுங்கள். காற்று போகும், குழந்தை போகாது. பட்டை ஒட்டும் இடத்தை முதலில் ஸ்பிரிட்டால் துடைத்து, ஒட்டிய பிறகு ஒரு நாள் இழுக்காமல் விட வேண்டும், இல்லாவிட்டால் இழுத்ததும் கழன்று வரும். கூடவே காஸ்கெட்டின் கீழ் மடிப்பில் தேங்கும் தண்ணீரை ஒவ்வொரு முறையும் காய்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

டாப் லோடோ, துவைக்கவும் பிழியவும் தனித்தனித் தொட்டி உள்ள செமி ஆட்டோமேட்டிக்கோ (செமி) வைத்திருப்பவர்கள் துணியை ஊற வைத்துவிட்டு அடுப்படிக்குப் போவதை அடியோடு நிறுத்துங்கள். பக்கத்தில் ஸ்டூல், கவிழ்த்த வாளி, பிளாஸ்டிக் நாற்காலி எதுவும் இருக்கக் கூடாது. செமி மெஷினின் ஸ்பின் டப்பில் மூடியைத் தூக்கினால் மின்சாரம் நின்று, பிரேக் கட்டை டிரம்மைப் பிடித்துச் சில விநாடியில் நிறுத்த வேண்டும். பழைய மெஷின்களில் அந்த பிரேக் கட்டை தேய்ந்து போய் டிரம் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றும் டிரம்முக்குள் துணி நுனியைப் பிடித்த கை முறுக்கிக்கொண்டு போய்விடும். மூடியைத் தூக்கி மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். பத்துக்குள் நிற்கவில்லையென்றால் பிரேக் மாற்றும் வரை ஸ்பின் பக்கத்தைப் பயன்படுத்தாதீர்கள். செலவு சில நூறு ரூபாய்தான்.

மின்சாரம். பல வாடகை வீடுகளில் மெஷின் பாயின்ட் மூன்று துளை சாக்கெட்டாக இருக்கும், ஆனால் எர்த் துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. ஈரத் தரையில் வெறும் உடம்போடு, உலோக உடம்பைத் தொட்டபடி மணிக்கணக்காக உட்காரும் குழந்தைக்கு இதைவிட மோசமான ஏற்பாடு கிடையாது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சோதிக்கச் சொல்லுங்கள். 16 ஆம்பியர் சாக்கெட் தனி லைனில் வேண்டும், மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்க வேண்டும், அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்தி டிரிப் ஆகிறதா பார்க்க வேண்டும். வீட்டுக்காரர் செலவு செய்ய மாட்டேன் என்றால் நாமே போட்டுக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். எங்களுக்கு ஆள்கூலியோடு 3,200 ஆனது, அந்தப் பணத்துக்கு நான் வருத்தப்பட்டதே இல்லை. 60 டிகிரியில் துவைக்கும்போது கண்ணாடி சூடாகும், கன்னத்தை ஒட்டி வைக்கும் குழந்தை இருக்கும் நேரத்தில் 30, 40 டிகிரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சோப்புத் தூளும் லிக்விடும் மெஷின் மேல் இருக்கக் கூடாது, தலைக்கு மேலுள்ள அலமாரிக்குப் போக வேண்டும்.

அடுத்தது, குழந்தையால் மெஷினுக்கு என்ன ஆகும் என்பது. ஃப்ரன்ட் லோடில் ஸ்டார்ட் அழுத்தியதும் ஒரு "டக்" கேட்கும். பல மெஷின்களில் கதவுப் பூட்டுக்குள் ஒரு சின்னச் சூடேற்றியும், சூடானால் வளையும் ஒரு உலோகப் பட்டையும் இருக்கும். பட்டை வளைந்து ஊசியைத் தள்ளுவதுதான் அந்தச் சத்தம். துவைத்து முடிந்ததும் அந்தப் பட்டை ஆறி நிமிர வேண்டும். அதற்கு ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தில்தான் குழந்தை கைப்பிடியைப் பிடித்துத் தொங்கும். கொக்கி உடையும், பூட்டு வீணாகும். எங்களுக்கு 1,400 ரூபாய். தடுக்க எளிய வழி, காத்திருப்பதையே விளையாட்டாக்குவது. "இப்ப பூட்டு தூங்குது, எழுந்ததும் டக்குனு சொல்லும், கேளு" என்று சொன்னோம். காதை வைத்துக் கேட்க ஆரம்பித்துவிட்டாள், இழுப்பது நின்றது.

குழந்தை உள்ளே போடும் சாமான் இரண்டாவது தொல்லை. ஹேர்கிளிப், நாணயம், பாப்பா சாக்ஸ், பொம்மைக் கார் சக்கரம். இவை டிரம்முக்கும் காஸ்கெட்டுக்கும் நடுவே நழுவி வெளித் தொட்டிக்குப் போய், அங்கிருந்து வடிகால் பம்ப்பின் ஃபில்டருக்கு வரும். மெஷின் தண்ணீரை வெளியேற்றாமல் பாதியில் நின்று எர்ரர் காட்டும். வந்த மெக்கானிக் பார்த்த உடனே, "அக்கா, பிசிபி போயிடுச்சு, 6,500 ஆகும்" என்றார். பிசிபி என்பது மெஷினை இயக்கும் எலெக்ட்ரானிக் போர்டு. பணத்தைக் கொடுத்தோம். போர்டு மாறிய பிறகும் தண்ணீர் வெளியேறவில்லை. கடைசியில் ஃபில்டரில் இருந்தது மகளின் ஹேர்கிளிப். பழைய போர்டைக் கேட்டபோது கம்பெனிக்குப் போய்விட்டது என்றார்கள். அதனால் தண்ணீர் வடியவில்லை என்றால் யாரையும் கூப்பிடும் முன் இதைச் செய்யுங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள், குழாயை மூடுங்கள். உள்ளே சூடான தண்ணீர் இருந்தால் ஆறும் வரை காத்திருங்கள். கீழே ஓரத்தில் சின்னக் கதவு இருக்கும், அதற்குள் திருகும் மூடிதான் ஃபில்டர். தட்டையான தட்டு ஒன்றை வைத்து, மூடியைக் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். இரண்டு மூன்று லிட்டர், சில சமயம் அதற்கும் மேலே வரும். தட்டு நிறைந்ததும் மூடி, கொட்டி, மறுபடி. முழுசாக வடிந்த பிறகு ஃபில்டரைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். சின்ன விசிறி ஒன்று தெரியும். விரலால் தள்ளினால் தத்தித் தத்திச் சுற்றும், உள்ளே இருக்கும் காந்தத்தால் அப்படித்தான் இருக்கும், அது பழுது இல்லை. முடியோ நூலோ சுற்றியிருந்தால் எடுத்துவிடுங்கள். மூடியை மறுபடி நன்றாக இறுக்குங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை வீடே நனையும். இதற்குப் பிறகும் சரியாகவில்லை என்றால்தான் ஆள். வருகிறவரிடம் பம்ப்புக்கு மின்சாரம் வருகிறதா என்று மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பாகம் நம்மிடமே இருக்க வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

போன் வீடியோ பற்றி ஒரு எச்சரிக்கை. மெஷின் ஓடுவதை முழுசாகப் படம் பிடித்துப் போட்ட வீடியோக்கள் ஏராளம், அவற்றில் தவறு இல்லை. ஆனால் இரண்டு வீடியோ தள்ளி, ஓடும் மெஷினுக்குள் செங்கல்லைப் போட்டு உடைப்பது வரும். ஸ்பின்னில் கனமான பொருள் ஒரு பக்கம் ஒதுங்கினால் மொத்த டிரம்மும் ஸ்பிரிங்கோடு எகிறும் காட்சி அது. பார்த்த குழந்தை இடிகல்லைத் தூக்கிக்கொண்டு வரும். தானாக அடுத்தது ஓடும் வசதியை நிறுத்திவிட்டு, நீங்களே தேடி வைத்ததை மட்டும் காட்டுங்கள். ஆனால் வீடியோவை விட உங்கள் வீட்டு மெஷின் நூறு மடங்கு நல்லது.

மெஷினை வெறுமனே ஓட்டச் சொல்லி அடம் பிடிக்கும் பருவம் ஒன்று வரும். பெங்களூரில் அதற்கு வழியே கிடையாது. 2024 கோடையில் போர்வெல்கள் வற்றி, டேங்கருக்கு வரிசையில் நின்ற தெருக்கள் எத்தனை. ஃப்ரன்ட் லோடு ஒரு துவைப்புக்கு 50, 60 லிட்டர் குடிக்கும். நாங்கள் துவைக்கும் நாளை கிழமை வைத்து நிலையாக்கினோம், காலண்டரில் அவளே வட்டம் போட்டாள். அன்றைக்கு அவளுக்கு வேலை உண்டு: வெள்ளை, கலர் பிரிப்பது, பாக்கெட்டுகளில் கைவிட்டுப் பார்ப்பது, அளவுக் கரண்டியில் தூள் எடுப்பது. ஃப்ரன்ட் லோடுக்கு என்றே வரும் குறைந்த நுரைத் தூளைத்தான் போட வேண்டும் என்பதும், சாதாரணத் தூள் போட்டால் நுரை பெருகித் துணி விழும் வேகத்தைத் தாங்கிப் பிடித்து அழுக்கு போகாது என்பதும் இப்போது அவளுக்கே தெரியும். வடிகால் குழாயை 20 லிட்டர் வாளியில் விட்டுப் பிடிக்கிறோம். முதல் வாளி சாம்பல் நிறம், அடுத்தது மங்கல், கடைசி அலசல் ஏறக்குறையத் தெளிவு. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அலசல் எதற்கு இரண்டு முறை என்று நாங்கள் சொல்லாமலே புரிந்துகொண்டாள். அந்தத் தண்ணீர் டாய்லெட்டுக்குப் போகிறது. வாளி நிரம்பும்போது குழாய் துள்ளி வெளியே வரும், அதைக் கயிறு போட்டுக் கட்டுங்கள். குழாயின் வாய் தரைமட்டத்தில் இருந்தால் சைஃபன் ஆகி, துவைக்கும்போதே தண்ணீர் ஓடிவிடும். மெஷின் கையேட்டில் சொன்ன உயரத்தில் குழாயை ஒரு வளைவாகத் தொங்கவிட்டு, நுனி மட்டும் வாளிக்குள் இருக்கும்படி செய்ய வேண்டும்.

மேல் மாடியில் குடியிருப்பவர்கள் கவனிக்க: தண்ணீர்த் தொட்டி உங்கள் தலைக்கு நேர் மேலே இருந்தால் அழுத்தம் போதாமல் மெஷின் நிரம்ப நேரம் எடுத்து எர்ரர் காட்டும். பல மெஷின்களுக்குக் குறைந்தது 0.3 பார், அதாவது குழாய்க்கு மேல் சுமார் 3 மீட்டர் உயரத் தண்ணீர் வேண்டும். இதுவும் பிசிபி பிரச்சினை இல்லை.

ஐந்து வயதுக்கு மேல் "ஏன்" என்ற கேள்விகள் வரும். அப்போதுதான் இந்த மோகத்தின் ருசியே. ஸ்பின்னில் துணி ஏன் விழாமல் ஒட்டிக்கொள்கிறது என்று கேட்பார்கள். வெளியே மைதானத்தில் ஒரு சின்ன வாளியில் கால் பங்கு தண்ணீர் எடுத்துக் கை நீட்டிச் சுழற்றிக் காட்டுங்கள். கையும் வாளியும் சேர்ந்து 80 செ.மீ. என்றால், ஒரு சுற்று ஒன்றரை விநாடியில் முடிந்தால் தலைகீழாக இருக்கும்போதும் தண்ணீர் கொட்டாது. இரண்டு விநாடிக்கு மேல் எடுத்தால் தலையில் கொட்டும். மெஷினிலும் அதே கணக்கு. 48 செ.மீ. விட்டமுள்ள டிரம்முக்கு, துணி விழாமல் ஒட்டத் தொடங்கும் எல்லை நிமிஷத்துக்குச் சுமார் 61 சுற்று. துவைக்கும் வேகம் அதற்குக் கீழே இருப்பதால் துணி விழுகிறது, விழுவதுதான் துவைப்பு. 61-ஐத் தாண்டினால் துணி சுவரில் அப்பிக்கொள்ளும். ஸ்பின்னுக்கு முன்னால் மெஷின் கொஞ்ச நேரம் மெதுவாகச் சுற்றித் துணியைப் பரப்புவதும், சரியாகப் பரவவில்லை என்றால் நின்று திரும்ப முயல்வதும் இதனால்தான். 1000 சுற்றில் துணியின் மேல் அதன் எடையைப் போல் 260 மடங்குக்கு மேல் விசை விழுகிறது.

தண்ணீர் போதும் என்று மெஷினுக்கு எப்படித் தெரியும் என்பது அடுத்த கேள்வி. டம்ளரைக் கவிழ்த்து வாளித் தண்ணீருக்குள் அமுக்கச் சொல்லுங்கள். உள்ளே சிக்கிய காற்று எதிர்த்துத் தள்ளுவது கைக்குத் தெரியும். தொட்டியின் அடியிலிருந்து மேலே போகும் ஒரு மெல்லிய குழாயில் இதே மாதிரி காற்று சிக்கியிருக்கும், தண்ணீர் ஏற ஏற அது நசுங்கி மேலே உள்ள பிரஷர் ஸ்விட்சை அழுத்தும். அந்தக் குழாயில் சோப்புக் கசடு அடைத்தால் மெஷின் நிறுத்தாமல் தண்ணீர் எடுக்கும்.

சொந்தமாக ஒரு மெஷின் செய்ய ஆசைப்பட்டால் பெங்களூரின் எலெக்ட்ரானிக் சாமான் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டுக்குக் கூட்டிப் போங்கள். 12 வோல்ட் கியர் மோட்டார், 300 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 300 சுற்று), வேகம் குறைக்கும் சின்ன கன்ட்ரோலர், 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் கேட்டு வாங்குங்கள். எல்லாம் சேர்ந்து ஆயிரத்துக்குள் முடியும். 12 செ.மீ. விட்டமுள்ள ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பாவைப் படுக்க வைத்து, அடிப்பாகத்தின் நடுவில் மோட்டார் தண்டை ஹப் (தண்டையும் டப்பாவையும் இணைக்கும் சின்ன வட்டு) போட்டு இறுக்குங்கள். நடு சரியாக இல்லாவிட்டால் டப்பா தள்ளாடும். உள்ளே மூன்று ஐஸ் குச்சிகளைத் துடுப்பாக ஒட்டுங்கள். இந்த விட்டத்துக்கு எல்லை 122 சுற்று. 60-இல் வைத்தால் துணித் துண்டுகள் உருளும், முழு வேகத்தில் சுவரில் ஒட்டும், இரண்டும் கண் முன்னால் தெரியும். தண்ணீர் வேண்டாம், காய்ந்த துண்டுகள் போதும். குஜிரி என்கிற பழைய சாமான் கடையிலிருந்து பழைய மெஷின் வாங்கிப் பிரிக்கிற ஆசைக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். செமியின் மோட்டாரோடு இருக்கும் கெப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். தகரத்தின் விளிம்பு கத்திபோல இருக்கும். ஃப்ரன்ட் லோடுக்குள் இருக்கும் கான்கிரீட் எடை காலில் விழுந்தால் எலும்பு உடையும். கஸ்தூர்பா ரோட்டில் 1962-லிருந்து இருக்கும் விஸ்வேஸ்வரய்யா மியூசியத்தில் சக்கரம், கியர், எஞ்சின் எல்லாம் ஓடுவதை அருகில் நின்று பார்க்கலாம், ஒரு முழு நாள் ஒதுக்கிப் போங்கள்.

வாடகைக்காரர்களுக்குக் கடைசியாக ஒன்று. புது ஃப்ரன்ட் லோடு மெஷினோடு, பயணத்தில் தொட்டி ஆடாமல் பிடித்திருக்க, பின்பக்கம் மூன்றோ நாலோ நீளமான டிரான்சிட் போல்ட்டுகள் வரும். ஓட்டும் முன் கழற்ற வேண்டும், கழற்றாமல் ஓட்டினால் அறை முழுக்க நடந்து போகும். கழற்றியதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வீடு மாறும்போது அவை இல்லாமல் டெம்போவில் ஏற்றினால் தொட்டி ஆடி, ஷாக் அப்சார்பரும் பேரிங்கும் அடி வாங்கும். எங்கள் வீட்டில் அந்த போல்ட்டுகள் மகளின் பொறுப்பில், ஒரு பழைய பிஸ்கட் டின்னில், பதினேழு எம்எம் பாக்ஸ் ஸ்பேனரோடு இருக்கின்றன. ஏற்றும் முன் நாலு போல்ட்டும் இறுகியிருக்கிறதா என்று அவள் எண்ணிப் பார்த்துச் சொன்ன பிறகுதான் ஆட்கள் கை வைக்க வேண்டும் என்று வீடு மாறிய அன்று சொல்லி வைத்திருந்தோம். மெஷின் கண்ணை விட்டுப் போகிறதே என்ற அழுகையும் அன்றைக்கு இல்லை.